கால்மிதியில் ஈரம், கண்ணாடியில் பிசுக்கு: கூலன்ட் எங்கே போகிறது?

கேள்வி: என்னுடையது 2007 மாடல் பெட்ரோல் கார். மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். ஒரு மாதமாக இடதுபக்க முன்சீட்டுக் கால்மிதி ஈரமாகவே இருக்கிறது. ஏ.சி. போட்டால் லேசாக ஒரு இனிப்பு வாடை. முன்கண்ணாடியின் உள்பக்கம் புகை படிந்த மாதிரி மங்குகிறது. வாரத்துக்கு அரை லிட்டர் வரை கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ரிசர்வ் டேங்க்கில் ஊற்ற வேண்டியிருக்கிறது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. டேஷ்போர்டை முழுக்கக் கழற்றணும் என்கிறார் மெக்கானிக். உதிரிபாகக் கடையிலோ ஒழுகல் அடைக்கும் மருந்தை வாங்கி ஊற்றுங்கள் என்கிறார்கள். எதைக் கேட்பது? அதுவரை இப்படியே ஓட்டலாமா?

பதில்: ஓட்ட வேண்டாம். மருந்தும் ஊற்ற வேண்டாம். டேஷ்போர்டைக் கழற்றவும் அவசரமில்லை. இந்த மூன்றுக்கும் நடுவில் நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற இன்னொரு வழி இருக்கிறது. அதற்கு முன்னால் ஒழுகுவது எது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஹீட்டர் கோர் மேல்தான் சந்தேகம் வருகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால், ஏ.சி. பெட்டிக்குள், ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் அளவுக்குக் குட்டி ரேடியேட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இன்ஜினிலிருந்து சுடு கூலன்ட் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் வந்து, இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பிப் போகும். புளோயர் காற்று அதன்மேல் பட்டுச் சூடாகி உள்ளே வரும். கடலூரில் ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பியவர் யார்? ஏற்காட்டுக்கோ ஊட்டிக்கோ போனபோது ஒருமுறை திருப்பியிருப்பீர்கள். ஆனால் பல வண்டிகளில் அந்தக் குமிழ் காற்றின் வழியை மாற்றும் ஒரு பலகையைத்தான் அசைக்கிறது. நீங்கள் தொட்டாலும் தொடாவிட்டாலும் கூலன்ட் ஹீட்டர் கோருக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் வாங்கிய நாளிலிருந்து பயன்படுத்தாத பாகமாக இருந்தாலும் பதினைந்து வருடத்துக்குப் பிறகு அரித்துப்போய் ஒழுகுகிறது.

கால்மிதி நனைந்ததுமே ஹீட்டர் கோர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானே அப்படி முடிவு கட்டி, ஒரு வண்டியின் டேஷ்போர்டை இறக்கிவிட்டேன். ஒன்றரை நாள் வேலை. கடைசியில் பார்த்தால் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாயில் மண் அடைத்திருந்தது. ஒரு கம்பியை விட்டுக் குத்தியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். வண்டிக்காரர் நல்ல மனிதர், திட்டவில்லை. நானும் கூலி வாங்கவில்லை.

நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். ஏ.சி. போட்டு ஓட்டிவந்து நிறுத்தினால் வண்டிக்கு அடியில் சின்னக் குளமே கட்டும். ஏ.சி. போட்டும் அடியில் சொட்டு விழவில்லை என்றால் அந்தத் தண்ணீர் வண்டிக்குள்தான் போகிறது என்று சந்தேகப்பட வேண்டும். மழைக்காலத்தில் இன்னொரு வழியும் உண்டு. வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் வேப்பிலைச் சருகு அடைத்து, தண்ணீர் புளோயர் வழியாக உள்ளே இறங்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு ஈரக் கார்ப்பெட்டோடு பட்டறைக்கு வந்த வண்டிகளில் பலவற்றுக்கு இந்தச் சருகுதான் காரணம். இந்த இரண்டு தண்ணீரும் பெரும்பாலும் அதே இடது கால்மிதியில்தான் வந்து நிற்கும். ஆகவே இடத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரைக் கால்மிதிக்கு அடியில் வைத்து அழுத்துங்கள். ஏ.சி. தண்ணீரானால் நிறமும் வாடையும் இருக்காது, வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும். கூலன்ட்டானால் பச்சையோ சிவப்போ நீலமோ ஒரு சாயம் தெரியும், விரலில் வழுவழுப்பாக ஒட்டும், பேப்பர் சீக்கிரத்தில் காயாது. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் 197 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும், எளிதில் ஆவியாகாது. உங்கள் கண்ணாடியில் படிவதும் அதுதான். வெறும் ஈரமென்றால் துணியால் துடைத்ததும் போய்விடும். இது துடைக்கத் துடைக்க இழுவிக்கொண்டு எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி பரவும். எக்காரணம் கொண்டும் நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். இப்படிச் செய்கிறவர்கள் இருப்பதால்தான் சொல்கிறேன்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் பட்டறையில் பிரஷர் டெஸ்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். சைக்கிள் பம்பு மாதிரி ஒரு கருவி. இன்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு ரேடியேட்டர் வாயில் மாட்டி, ரேடியேட்டர் மூடியில் போட்டிருக்கும் அழுத்த அளவுக்கு, சுமார் 1 பார் வரை, அடித்து வைப்பார்கள். கால் மணி நேரத்தில் முள் இறங்கி, வெளியே எங்கும் ஒழுகல் தெரியாமல் கால்மிதிப் பக்கம் சொட்டினால் வேறு சந்தேகம் வேண்டாம். ஆனால் அப்போதும் ஹீட்டர் ஹோஸ் இரண்டும் கோரின் குழாயில் சேரும் இடத்தை ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். சில நேரம் அங்கே கிளிப் தளர்ந்து ஒழுகும் கூலன்ட்டும் குழாய் வழியாக உள்ளே ஓடி வரும். அப்படியானால் பத்து நிமிட வேலைதான்.

சரி, ஏன் ஓட்டக் கூடாது? வாரம் அரை லிட்டர்தானே, ஊற்றிக்கொண்டே ஓட்டலாமே என்று தோன்றும். ஓடும்போது கூலன்ட் 90 டிகிரியை ஒட்டிய சூட்டில், அழுத்தத்தோடு இருக்கிறது. இன்றைக்குக் கசிகிற குழாய் நாளைக்குப் பிளந்தால், தவளக்குப்பம் பக்கம் லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போது கண்ணாடி முழுக்க ஒரே நொடியில் ஆவி படியும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காலில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. கூலன்ட் குறைந்து, சூடு பார்க்கும் சென்சார் வெறும் ஆவியில் நின்றுவிட்டால் மீட்டரில் முள் ஏறவே ஏறாது. முள் நடுவில்தானே இருக்கிறது என்று நம்பி ஓட்டி, இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, அதற்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போய் வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஹீட்டர் கோர் செலவோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு.

ஒழுகல் அடைக்கும் மருந்து விஷயம். நம் லாரிக்காரர்கள் வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூளைக் கொட்டிச் சமாளிப்பார்கள். நடுவழியில் ஊர் வந்து சேர அது ஒரு உபாயம், குறை சொல்ல மாட்டேன். கடையில் விற்கும் மருந்தும் கொஞ்சம் நாகரிகமாக அதே வேலையைத்தான் செய்கிறது. துளையைத் தேடி அடைக்கும் அறிவு அதற்குக் கிடையாது. குறுகலான இடம் எங்கே கிடைத்தாலும் படியும். ஹீட்டர் கோரின் குழாய்கள் மெல்லியவை. ரேடியேட்டர் குழாய்களும் பெரிதாக ஒன்றுமில்லை. பதினைந்து வருட வண்டியில் ஏற்கெனவே பாதி அடைத்திருக்கும் ரேடியேட்டருக்குள் அதை ஊற்றினால், கால்மிதி காய்ந்துவிடலாம், சித்திரை வெயிலில் இன்ஜின் சூடேறத் தொடங்கும்.

நான் சொல்லும் வழி ஹீட்டர் கோரை ஒதுக்கிவிடுவது. இன்ஜினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும், திரும்பி வரும் ஹோஸையும் கழற்றி, இரண்டு முனைகளையும் ஒரே ஹோஸால் வளைத்து இணைத்துவிட வேண்டும். கூலன்ட் வண்டிக்குள் வராமல் வெளியிலேயே சுற்றிப் போய்விடும். பட்டறையில் ஒரு மணி நேர வேலை. சிலர் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு போல்ட்டைச் செருகி அடைத்துவிடுவார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) திறக்கும் வரை கூலன்ட் சுற்றுவதற்கு இந்த வழியும் வேண்டும். அடைத்தால் ஒரு பக்கம் மட்டும் சூடேறும். ஹோஸும் ஹீட்டருக்கென்றே விற்கும் ரப்பர் ஹோஸாக இருக்கட்டும். பெட்ரோல் ஹோஸ், தோட்டத்துக் குழாய் எல்லாம் இந்தச் சூட்டில் நிற்காது. வளைவில் மடிந்து நசுங்கக் கூடாது, புகைபோக்கிப் பக்கம் தொடவும் கூடாது. பழைய ஹோஸுக்குள் சின்னத் துவாரம் உள்ள அடைப்பான் ஏதாவது இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் புது ஹோஸில் வைக்கச் சொல்லுங்கள். கோருக்குள் மிச்சம் இருக்கும் கூலன்ட்டை மெதுவாகக் காற்றடித்து வெளியே எடுத்துவிட்டு அதன் இரண்டு வாயையும் மூடினால்தான் உள்ளே சொட்டுவது நிற்கும்.

அதற்குப் பிறகு கூலன்ட் ஓடும் வழியில் சிக்கிய காற்றை எடுப்பதில் பொறுமை வேண்டும். பாதிப் பட்டறைகளில் கோட்டை விடுவது இங்கேதான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, முன்பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கும்படி நிறுத்தி, நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்து, ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை காற்றுக்குமிழ்கள் வந்துகொண்டிருக்கும், அளவு இறங்க இறங்க ஊற்ற வேண்டும். மூடியைப் போட்டு ஓட்டிச் சூடான பிறகு அதைத் திறக்கும் பேச்சே கூடாது.

நம் ஊரில் ஓடும் வண்டிக்கு ஹீட்டர் இல்லாததால் ஒரு நஷ்டமும் இல்லை. மழையில் கண்ணாடி மங்கினால் ஏ.சி. காற்றை அந்தப் பக்கம் திருப்புங்கள், காற்றிலிருந்து ஈரத்தை எடுப்பது ஏ.சி.தான். ஒரே ஒரு வசதி போகும். இன்ஜின் சூடேறினால் ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டுச் சமாளிக்கும் பழைய வித்தை இனிப் பலிக்காது.

புது ஹீட்டர் கோர் எப்போது போடலாம்? மலைப்பக்கம் அடிக்கடி போகிறவர் என்றால் போடுங்கள். உங்கள் 2007 வண்டிக்கு 15 வருடம் முடிந்து ஆர்.சி. ஒருமுறை புதுப்பித்திருப்பீர்கள். தனியார் காருக்கு அது 5 வருடத்துக்குத்தான். அடுத்த முறையும் புதுப்பித்து ஓட்டப் போகிறீர்களா, விற்கப் போகிறீர்களா என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். என்னைக் கேட்டால், ஏ.சி. வேலைக்காக டேஷ்போர்டை என்றைக்காவது இறக்க வேண்டி வந்தால் அன்றைக்கு இதையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம். இதில் பாகத்தின் விலையைவிடக் கூலிதான் அதிகம். உங்கள் மாடலில் டேஷ்போர்டைக் கழற்றாமல் பக்கவாட்டில் இழுத்து எடுக்க முடியுமா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள், சில வண்டிகளில் முடியும். பழைய கோர் பித்தளையானால் ரேடியேட்டர் கடையில் ஈயம் பற்றவைத்துத் தருவார்கள். அலுமினியமானால் அந்த முயற்சி வேண்டாம்.

எதனால் போனது என்று பார்க்காமல் புதுசு போட்டால் அதுவும் போய்விடும். கடலூர், புதுச்சேரிக் கடற்கரையில் பல இடங்களில் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ரேடியேட்டரில் ஊற்றுவது அலுமினியத்துக்கு விஷம் வைப்பது மாதிரி. கலந்து விற்கும் கூலன்ட் வாங்குங்கள், இல்லையென்றால் கலக்காத கூலன்ட்டைப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். இரண்டாவது எதிரி, துருப்பிடித்த எர்த் வயர். உப்புக் காற்றில் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் இணைப்பு கெட்டால், மின்சாரம் கூலன்ட் வழியாகப் பாய்ந்து உலோகத்தை அரிக்கும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையைக் குளிர்ந்த ரேடியேட்டர் வாய்க்குள் கூலன்ட்டில் மட்டும் படும்படி நனைத்து, இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டும் புளோயரும் போடச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரை மாற்றுங்கள்.

ஹீட்டரை ஒதுக்கிய மறுநாள் காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரிசர்வ் டேங்க்கில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்தும் அளவு கோட்டிலேயே நின்றால் தீர்ந்தது. இன்னும் குறைந்தால் வாட்டர் பம்பையும் ஹெட் கேஸ்கெட்டையும் சந்தேகப்பட வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் கலந்த மாதிரி நுரை இருக்கிறதா, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்று பாருங்கள்.

கடைசியாகக் கார்ப்பெட். மேலே துடைத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அடியில் உள்ள பஞ்சு குடித்து வைத்திருக்கும், அது தானாகக் காயாது, தகடு துருப்பிடிக்கும், அந்தப் பக்கம் போகும் ஒயர் கனெக்டர்களும் கெடும். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டை வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவிடுங்கள். கண்ணாடியின் உள்பக்கத்தையும் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். பட்டறையில் வடித்த கூலன்ட்டைத் திறந்த பக்கெட்டில் விட்டு வைக்கவும் கூடாது, சாக்கடையில் கொட்டவும் கூடாது. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் ஆடும் நக்கும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் செயலிழந்துவிடும். குழந்தை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட, நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்காமல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.