பேசிக் என்ற கணினி நிரல் மொழியை இன்று அதிகம் பேர் கற்பதில்லை, அப்படியானால் அது விட்டுச் சென்றது என்ன?

மொழியை விட ஒரு பழக்கத்தைத்தான் அது விட்டுச் சென்றது என்பேன்: எழுதியதை உடனே ஓட்டிப் பார்த்துத் திருத்தும் பழக்கம். 1964-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் பேசிக்கை உருவாக்கியது கணினித் துறை மாணவர்களுக்காக அல்ல, இலக்கியமும் வரலாறும் படிக்கும் பிள்ளைகளுக்காக. அதற்கு முன் நிரலைத் துளை அட்டைகளில் கொடுத்துவிட்டு விடைக்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள, ரன் என்று தட்டியதும் பதில் வந்தது. தப்பா? சரி, திருத்திவிட்டு மறுபடி ஓட்டு. 10, 20, 30 என்ற வரி எண்கள்கூட அதற்குத்தான். அதே எண்ணைப் போட்டு மீண்டும் தட்டினால் பழைய வரி போய்விடும், இடையில் ஒன்றைச் செருக 15 இருக்கிறது, நிரலைத் திருத்தத் தனி எடிட்டர் மென்பொருளே வேண்டாம்.

1975-ல் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் என்ற ஆரம்பகாலத் தனிநபர் கணினிக்கு எழுதிய பேசிக்தான் மைக்ரோசாஃப்ட்டின் முதல் சரக்கு. அப்புறம் வந்த கமடோர் 64, பிபிசி மைக்ரோ போன்ற வீட்டுக் கணினிகளில் சுவிட்சைப் போட்டாலே பேசிக்தான் வரவேற்கும், விளையாட வாங்கியவர்களும் ஏதாவது எழுதிப் பார்த்தார்கள்.

இந்த மொழி மாணவர்களின் மூளையையே கெடுக்கிறது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா திட்டினார். வேறொரு வரிக்குப் போகச் சொல்லும் கோட்டூ கட்டளையை வைத்து இஷ்டத்துக்குத் தாவும் நிரல்களைப் பார்த்தால் அவர் கோபம் புரிகிறது, ஆனாலும் அது மிகை. பேசிக்கின் நேரடி வாரிசு இன்னும் சாகவில்லை: அலுவலகங்களில் எக்செல் மேக்ரோ, அதாவது எக்செல் வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் சிறு நிரல்கள், எழுதுபவர்கள் பலர் பயன்படுத்தும் விபிஏ மொழி, பேசிக்கின் வழிவந்ததே.