காது மிஷின் போட்டும் பேச்சு விளங்கலையா? சுங்கை சிப்புட் வாசகர் கேள்வி பதில்

கே: அப்பாவுக்கு 74, செம்பனை ஆலையில் இருந்தவர். மிஷின் போட்டும் "சத்தம் கேக்குது, பேச்சு விளங்கலை" என்கிறார். மிஷின் கோளாறா?

தம்பி, ஃபேன், டிவியை அடைத்துவிட்டு நீங்கள் மட்டும் முகம் பார்த்துப் பேசுங்கள். அப்போது விளங்கினால் மிஷினைக் குறை சொல்லாதீர்கள். ஆலை இரைச்சல் உள்காதின் நுண்மயிர் செல்களைக் கெடுத்திருக்கும். அதற்கு மிஷின் ஓரளவு கைகொடுக்கும். வயதாக ஆக, பல குரல்களில் ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க மூளை திணறுகிறது. அங்கே சத்தத்தைக் கூட்டினால் பேரப்பிள்ளைகளின் கூச்சலும் சேர்ந்துதான் கூடும். 'பீப்' ஒலி கேட்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனையில் இது தெரியாது. இரைச்சலுக்கு நடுவே வாக்கியம் கேட்கவைக்கும் சோதனை வேண்டும், அதுவும் அவருக்குப் பழகிய மொழியில். இல்லையென்றால் தடுமாறியது காதா மொழியா என்றே தெரியாது. பேசுபவர் சட்டையில் மாட்டி, குரலை நேராக மிஷினுக்கு அனுப்பும் மைக், இப்படிப்பட்டவர்களுக்குப் பல நேரங்களில் விலையுயர்ந்த மிஷினைவிட அதிகம் உதவும்.

கே: இரண்டு காதுக்கும் போட்டே ஆகணுமா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் சில முதியவர்களுக்கு ஒரு காதில் வருவது மற்றதைக் குழப்பும். ஒன்றைக் கழற்றினால்தான் பேச்சு தெளியும்.

கே: ஐயா, போடாத காது செத்துப்போகும் என்று கடையில் சொன்னார்களே! நீங்கள் மாற்றிச் சொல்கிறீர்கள்.

கடைக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. மிஷின் போடாத காதில் பேச்சு விளங்கும் திறன் குறையலாம் என்று 1984இலேயே ஆய்வு வந்தது. அதனால்தான் எடுத்த எடுப்பில் ஒன்று போதும் என்று நான் சொல்வதில்லை. இரண்டும் போட்டு, பிறகு வலது மட்டும், இடது மட்டும் என்று இரைச்சலில் சோதிக்கச் சொல்லுங்கள். எது அதிகம் விளங்குகிறதோ அதுவே விடை. இரண்டு விற்றால் யாருக்கு லாபம் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

கே: மிஷின் போட்டால் மறதி வராதாமே?

2023இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு: 70 முதல் 84 வயதுள்ள 977 பேர், மூன்று ஆண்டு. மொத்தத்தில் மிஷின் பெற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. மறதி அபாயம் அதிகமிருந்த பிரிவினரில் மட்டும் மூளைத்திறன் சரிவு 48% குறைந்தது. விளம்பரத்தில் முதல் பாதியைச் சொல்லமாட்டார்கள்.

கே: பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மலிவாகக் கிடைக்கிறதே, அக்கா வாங்கினார்.

வேண்டாம். அது எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டும்.

கே: சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) மிஷின் கிடைக்குமா?

வேலை இரைச்சலால் வந்த காது மந்தம் என்றால் அவர்களிடமே கேளுங்கள்.

கே: எந்த பிராண்ட் நல்லது? என்ன விலை?

மறுபடியுமா? முதலில் காதுக் குறும்பியை டாக்டரிடம் காட்டி எடுங்கள். பிறகு, பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் இடத்தில் மட்டும் வாங்குங்கள். பிராண்ட் கேட்டு எழுதிய மற்றவர்களுக்கும் இதே பதில்.