தாத்தா சேர்த்த விமானப் படங்களை ஸ்கேன் செய்துவிட்டேன். மூலப் படங்களை எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள்.

உங்கள் தாத்தா அந்தக் காலத்து விமானி, அவர் சேர்த்த இருநூறு படங்கள் ஓரம் அரித்துக் கிடக்கின்றன, ஸ்கேன் முடிந்துவிட்டது, வீட்டில் இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ‘இந்தக் குப்பை எதற்கு’ என்று யாரோ தினமும் நச்சரிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

விமானிகளே சேர்த்து வைத்த படங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை ரைட் சகோதரர்களுடையவை. விமானம் கட்டுவதில் இருந்த அதே கறார் அவர்களுக்குப் படம் எடுப்பதிலும் இருந்தது. 1902இல் 85 டாலர் கொடுத்து நல்ல கேமரா வாங்கினார்கள். தேதி, இடம், எவ்வளவு நேரம் ஒளி விட்டது, எந்த வகைக் கண்ணாடித் தகடு (அன்று ஃபிலிமுக்குப் பதில் அதுதான்) என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக் அருகே மணல்வெளியில் ஆர்வில் கேமராவை நிறுத்தி, படம் எடுக்க அழுத்தும் ரப்பர் குமிழை ஜான் டேனியல்ஸ் என்ற கடலோர உயிர்காப்பு ஊழியரின் கையில் கொடுத்தார். அவர் அதற்குமுன் கேமராவைத் தொட்டதே இல்லை. விமானம் பறந்தது 12 விநாடி, 120 அடி. படம் விழுந்ததா என்பது ஊர் திரும்பித் தகட்டைக் கழுவிய பிறகுதான் தெரிந்தது.

1913 மார்ச்சில் அவர்களுடைய டேட்டன் நகரில் பெருவெள்ளம். வீட்டின் பின்னால் கொட்டகையில் இருந்த கண்ணாடித் தகடுகள் தண்ணீரில் மூழ்கின. பலவற்றில் பூச்சு உரிந்துவிட்டது. முதல் பறத்தலின் தகட்டிலும் ஒரு மூலை போனது. வில்பர் அதற்கு முந்தைய ஆண்டே டைபாய்டில் இறந்திருந்தார். சேதமானவற்றையும் ஆர்வில் வைத்துக்கொண்டார். அவர் மறைவுக்குப் பின், 1949இல், முந்நூறுக்கும் மேற்பட்ட தகடுகள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். முதல் பறத்தலின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மணலில் காலடித் தடங்கள், ஒரு மண்வெட்டி, இறக்கையைத் தாங்கியிருந்த சிறு பெஞ்சு எல்லாம் தெரியும். (முதலில் பறந்தது பிரேசில்காரரான சான்டோஸ் டூமோதான் என்று சண்டைக்கு வருபவர்கள் தனிக் கேள்வி கேளுங்கள். நான் இங்கே பேசுவது படங்களைப் பற்றி.)

இனி என் கதை. என் அப்பா விமானி அல்லர். விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பழுதுபார்ப்பவர். டகோட்டா, பாக்கெட் என்ற பழைய சரக்கு விமானங்களோடு வாழ்ந்தவர். அவரிடம் அறுபது கறுப்பு வெள்ளைப் படங்கள் இருந்தன. படைத்தளத்தில் படம் எடுக்க அனுமதி ஏது என்று கேட்பீர்கள். அவர் திருட்டுத்தனமாக எடுத்தவை அல்ல. பிரிவின் புகைப்படக்காரர் எடுத்து, பிரதி போட்டுக் கொடுத்தவை. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் ஒரு வரி இருக்கும்: ‘வால் சக்கரம் மாற்றிய நாள்’ என்பதுபோல.

2015 டிசம்பர் வெள்ளத்தில், சென்னைப் புறநகரான முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மனை வாங்கும்போது, ‘இங்கே ஒரு சொட்டு நிற்காது சார்’ என்று விற்றவர் சத்தியம் செய்தார். பக்கத்தில் ஏரி இருந்தது அவருக்குத் தெரியாதா? கடன் கட்டி முடிக்க எனக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அவர் இன்றும் மனை விற்றுக்கொண்டிருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மூன்றாம் நாள் ஆல்பத்தை எடுத்து மொட்டை மாடி வெயிலில் அப்படியே பரப்பினேன். அது தவறு. ஈரத்தில் ஒட்டியிருந்த படங்கள் காய்ந்ததும் ஒன்றோடொன்று இறுகிவிட்டன. சுத்தமான குளிர்ந்த நீரில் வைத்து மெதுவாகப் பிரித்து, முகம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்தியிருக்க வேண்டும். அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

தப்பியவற்றை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். பளபளவென்று லேமினேஷன் போட்டுத் தந்தார்கள். கறைபட்ட ஓரங்களை, கேட்காமலே, கத்தரித்திருந்தார்கள். பின்பக்கத்தில் வெள்ளை அட்டை ஒட்டியிருந்தது. ‘இப்போது சுத்தமாக இருக்கிறது பாருங்கள் சார்’ என்றார் கடைக்காரர். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு அப்போது எண்பது வயது. ஒரு டகோட்டா படத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வெட்டுப்பட்ட விளிம்பைக் கட்டை விரலால் தடவினார்.

“ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் எங்கேடா?”

அவருடன் ஒன்பது வருடம் வேலை செய்தவராம். பெயர் படத்தின் பின்னால் இருந்ததாம். மறுநாள் காலை கடைக்கு ஓடினேன். வெட்டிய துண்டுகள் முந்தைய வாரமே குப்பை வண்டியில் போயிருந்தன.

நீங்கள் ஸ்கேன் செய்தது முன்பக்கத்தை மட்டும்தானா? அப்படியானால் பின்பக்கத்தையும் இப்போதே செய்யுங்கள். பெயர் எழுதுவதாக இருந்தால் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். கண்ணாடித் தகடு ஏதாவது இருந்தால் படுக்கப்போட்டு அடுக்காமல், தனித்தனிக் காகித உறையில் செங்குத்தாக வையுங்கள். இருநூறு படங்களும் ஒரு காலணிப் பெட்டிக்குள் அடங்கிவிடும். வெளியில் யாரிடமாவது கொடுக்க நேர்ந்தால், ‘எதையும் வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது’ என்று உறையின் மேல் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். நான் வாயால்கூடச் சொல்லவில்லை.