கனவு யாருக்கு, விளையாட்டு யாருக்கு?

அன்புள்ள ஐயா,

வேதாந்த வகுப்பில் உலகம் கனவு என்றார்கள். சைவ மேடையில் உலகம் இறைவனின் விளையாட்டு என்றார்கள். இரண்டும் ஒன்றுதானா? கனவென்றால் காண்பவன் நான், விளையாட்டென்றால் ஆடுபவன் அவன். அப்படியானால் நான் யார்? காண்பவனா, அவன் நகர்த்தும் காயா? இன்னொன்றும் கேட்க வேண்டும். 'இதெல்லாம் கனவு' என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழகினால் பற்று விடும் என்று ஒருவர் சொன்னதால் மூன்று மாதமாக அப்படியே செய்கிறேன். இப்போது அம்மா முழங்கால் வலிக்கிறது என்று சொன்னாலும் மனம் அசைவதில்லை. இது முன்னேற்றமா?

ர., கும்பகோணம்

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இது முன்னேற்றம் இல்லை. அந்தப் பழக்கத்தை இன்றே விடுங்கள். அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுங்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

உலகத்தைக் கனவு என்றவர்களில் மிக உறுதியாக வாதாடியவர் சங்கரருக்கு முந்தைய அத்வைத ஆசிரியர் கௌடபாதர். மாண்டூக்கிய உபநிடதத்துக்கு விளக்கமாக அவர் எழுதிய மாண்டூக்கிய காரிகையின் 215 செய்யுள்களில் இரண்டாம் பகுதியான 38 செய்யுளும் இந்த வாதம்தான். கனவில் கண்ட யானைக்கு உடம்புக்குள் இடம் ஏது என்று கேட்கிறார். கனவில் காசிக்குப் போனவன் போய்வர நேரம் ஏது என்று கேட்கிறார். நனவுப் பொருளாவது பயன்படுகிறதே என்று மறுத்தால், வயிறு முட்ட உண்டு படுத்தவனும் கனவில் பசியோடு அலைகிறானே, அந்தச் சோற்றின் பயன் எங்கே போனது என்கிறார். எடுத்துக்காட்டுகள் விளக்கத்துக்காக, வாதம் அவருடையது. இவ்வளவும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதே பகுதியில் அவர் சொல்லும் ஒன்றை விட்டுவிட்டிருப்பார்கள்: முதலில் கற்பிக்கப்படுவது சீவன்தான், பொருள்கள் அதற்குப் பிறகே. அதாவது 'இதெல்லாம் கனவு' என்று சொல்லிக்கொண்டிருக்கும் ர.வும் அந்தக் கனவுக்குள்தான் இருக்கிறார். நீங்கள் அம்மாவைக் கனவுக்குள் தள்ளிவிட்டு உங்களை மட்டும் வெளியே நிறுத்திக்கொண்டீர்கள். பற்று விடவில்லை, அது முழுவதும் 'நான்' என்ற ஒரே இடத்தில் போய்த் திரண்டுவிட்டது. மனம் மரத்ததற்குக் காரணம் இதுதான்.

சங்கரர் பெயரைச் சொல்லியும் இதைப் போதிப்பார்கள். ஆனால் வேதாந்தத்தின் மூல நூலான பிரம்மசூத்திரம் 2.2.29க்கு அவர் எழுதிய பாடியத்தை, அதாவது உரையைப் பாருங்கள். புறப்பொருளே இல்லை என்ற பௌத்த விஞ்ஞானவாதிகளை மறுக்கும் இடம் அது. கனவு விழித்ததும் பொய்யாகிவிடுகிறது, நனவில் கண்ட தூண் அப்படிப் பொய்யாவதில்லை. கனவு நினைவின் வகை, நனவு நேர்க்காட்சி. ஆகவே நனவு கனவைப் போன்றதல்ல என்று அங்கே வெளிப்படையாக எழுதுகிறார்.

சைவ சித்தாந்தத்தின் முதன்மை நூலான சிவஞானபோதத்தை எழுதிய மெய்கண்டார் கனவை எடுத்துக்கொள்வது வேறு வேலைக்கு. உலகம் மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொல்ல அவருக்குக் கனவு தேவைப்படவில்லை. மாயை உள்பொருள், அதிலிருந்து வந்த உலகமும் உள்பொருள் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. அவர் கனவைச் சாட்சிக்கு அழைப்பது 'நான்' என்பது எது என்ற வழக்கில். சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரத்தில் 'ஐம்புலன் ஒடுக்கம் அறிதலின்' என்று ஒரு தொடர் வரும். கண்ணும் காதும் அடங்கிப் பாயில் கிடக்கும்போதும் ஏதோ ஒன்று காண்கிறது, கேட்கிறது, விழித்தபின் 'நான் கண்டேன்' என்றும் சொல்கிறது. எனவே அறிபவன் புலன் அல்ல. அடுத்த தொடர் 'கண்படில் உண்டி வினை இன்மையின்.' அயர்ந்த உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது, ஆனால் நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. எனவே அறிபவன் மூச்சும் அல்ல.

இதைச் சித்தாந்திகள் கணக்காகவே போட்டு வைத்திருக்கிறார்கள். உயிர் அறியவும் செயல்படவும் நனவில் 35 கருவிகள்: அறிபுலன் 5, தொழிற்கருவி 5, ஓசை முதலியவை 5, பேச்சு நடை முதலிய தொழில்கள் 5, வாயு 10, அந்தக்கரணம் (மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற உட்கருவிகள்) 4, புருடன் (நுகர்வோனாக நிற்கும் உயிர்) 1. கனவில் 25. கழிந்த பத்து எவை என்பதைக் கவனியுங்கள். கண், காது முதலான ஐந்தும் வாய், கால் முதலான ஐந்தும் போய்விட்டன. ஓசையும் நடையும் தங்கிவிட்டன. காதில்லாத ஓசை, காலில்லாத நடை. உறக்கத்தில் மிஞ்சுவது பிராணன், சித்தம், புருடன் என்ற மூன்று. பேருறக்கத்தில் சித்தமும் கழன்று இரண்டு. அதற்கும் அப்பால் புருடன் மட்டும். உலா முடிந்து திரும்பும் அரசன் பரிவாரத்தை ஒவ்வொரு வாசலில் நிறுத்திவிட்டுத் தனியே அந்தப்புரம் புகுவதை உவமையாகச் சொல்வார்கள். சிவஞானபோதம் நான்காம் சூத்திரத்தின் 'அமைச்சு அரசு ஏய்ப்ப' (அமைச்சரோடு கூடிய அரசனைப் போல) என்பதற்கு விளக்கம் அது.

மந்திரம் போலச் சொல்வதற்குப் பதில் இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். விழித்ததும் எழாமல், புரளாமல், கண்ட கனவை நாலு வரியில் எழுதுங்கள். கைப்பேசியைத் தொட்டால் பாதி போய்விடும். பிறகு ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள்: ஓசை கேட்டதா? எந்தக் காதால்? ஓடினேனா? இந்தக் கால் எங்கே கிடந்தது? கனவில் 'நான்' என்றது யாரை? அங்கே உங்களுக்குப் பத்து வயதாக இருந்திருக்கலாம். விட்டுப்போன பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குப் பயந்து நின்றிருக்கலாம். நாற்பது வயதுக்காரர் அங்கே எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கிடைத்த உடம்பை 'நான்' என்று ஏற்றுக்கொண்டார். சார்ந்ததன் வண்ணமாதல் என்று உயிரின் இயல்பைச் சொல்கிறார்களே, சிவப்புப் பூவின் அருகில் வைத்த பளிங்கு சிவப்பாவது போல, அதை இவ்வளவு பக்கத்தில் காட்டும் இடம் வேறு எனக்குத் தெரியவில்லை.

இனி விளையாட்டு. மணலில் சோறாக்கும் பெண்பிள்ளையைப் பாருங்கள். கொட்டாங்கச்சியில் மணலை அள்ளி வைத்து 'சாப்பிடுங்க' என்று நீட்டுகிறாள். மெய்யாகவே வாயில் போட்டுக்கொள்பவன் ஆட்டத்தைக் கெடுக்கிறான். 'இது மண்' என்று தள்ளுபவனும் கெடுக்கிறான். வாய்க்கருகே கொண்டுபோய் மென்று 'உப்பு கொஞ்சம் தூக்கல்' என்கிறானே, அவனுக்குத்தான் ஆடத் தெரியும். மண் என்பதும் சோறு என்பதும் அவனுக்கு ஒருசேரத் தெரிகின்றன. கனவில் 'இது மண்' என்ற அறிவு பெரும்பாலும் இல்லை. அங்கே மணலைச் சோறென்றே தின்போம், பல்லில் கடிபடும்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இங்கே இருக்கிறது. கனவும் விளையாட்டும் ஒன்றல்ல. அகப்பட்டவனின் நிலை கனவு, அகப்படாதவனின் செயல் விளையாட்டு. பிரம்மசூத்திரம் 2.1.33 படைப்பை லீலை என்கிறது. சங்கரர் அதற்கு எல்லாம் நிறைந்த அரசனின் விளையாட்டையும் இயல்பாக வரும் மூச்சையும் உவமை சொல்கிறார். குறை நிரப்பச் செய்வதல்ல என்பதே கருத்து. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இன்னும் நுட்பமாக, 'முன்னவன் விளையாட்டு என்று மொழிதலும் ஆம்' என்கிறார். அந்த 'உம்'மைக் கவனியுங்கள். அப்படிச் சொல்லலாம் என்று இடம் கொடுத்துவிட்டு, உயிர்களுக்குப் போகமும் முத்தியும் வழங்கவும் உயிரைப் பற்றிய மாசான மலம் துடைக்கவும் என்று தொடர்கிறார். அவனுக்கு அலுப்பில்லை, உயிருக்குப் பயனுண்டு. ஆகவே நீங்கள் காய் அல்ல. காய்க்கு அறிவில்லை, அதற்காக யாரும் ஆடுவதும் இல்லை.

சிவஞானபோதம் எட்டாம் சூத்திரத்தில் வேடரிடையே வளர்ந்த அரசகுமாரன் உவமையாக வருகிறான். அவன் எய்த மான் மெய்யாகவே செத்தது. காலில் தைத்த முள் மெய்யாகவே வலித்தது. தந்தை வந்து 'நீ என் மகன்' என்று உணர்த்தியபோது காடு மறைந்துவிடவில்லை, 'நான் வேடன்' என்ற எண்ணம் மட்டுமே போயிற்று. 

ஒரு மாதம் அந்தக் குறிப்பேட்டை எழுதுங்கள். எந்தெந்த உடம்பை 'நான்' என்று எடுத்துக்கொண்டீர்கள் என்று எண்ணி எழுதி அனுப்புங்கள். அம்மாவின் முழங்கால் எப்படியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்.