ஒன்றரை மடங்கு வேகம்

அன்புள்ள ஐயா,

அப்பாவிடம் பழைய போர்ப்படங்களின் டிவிடிக்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையானால் அதில் ஒன்றைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். புதுப்படத்துக்குத் தியேட்டருக்குக் கூப்பிட்டால், ‘ஒரே சத்தம், கதை எங்கே?’ என்கிறார். அவர் கொண்டாடும் ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்’ படத்தை லேப்டாப்பில் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துத்தான் என்னால் பார்த்து முடிக்க முடிந்தது. சயாம் ரயிலைப் பற்றிய படம் என்றார். எனக்கு ஒட்டவில்லை. பழைய போர்ப்படங்கள் உண்மையிலேயே மேலானவையா, இல்லை, இளமையில் பார்த்தவை என்பதால் அவர்களுக்கு அப்படித் தோன்றுகிறதா? கிராபிக்ஸ் வந்து போர்ப்படத்தைக் கெடுத்துவிட்டதா? நான் தொடங்குவதற்கு ஐந்து படங்கள் சொல்லுங்கள்.

(நாங்கள் நான்கு தலைமுறையாகக் கெடாவில் இருக்கிறோம். கொள்ளுத்தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்.)

ஒரு வாசகர், சுங்கைப்பட்டாணி, மலேசியா

அன்புள்ள தம்பிக்கு,

சில வாரங்களாக இந்தப் படம்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் மற்ற கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். கிராபிக்ஸ் கேள்வியை விட்டுவிடுவோம். கணினியில் செய்த நல்ல படமும் உண்டு, நிஜ டாங்கியை ஓட்டி எடுத்த மோசமான படமும் உண்டு. ஐந்து படப் பட்டியலும் தரப்போவதில்லை. அப்பாவின் அலமாரி வீட்டிலேயே இருக்கும்போது என்னிடம் எதற்கு?

ஒன்றரை மடங்கு வேகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 161 நிமிடப் படத்தில் ஐம்பது நிமிடத்துக்கு மேல் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். எதைத் தொலைத்தீர்கள் என்று சொல்கிறேன். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் கைதிகள், சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், எதிரிக்காக ரயில் பாலம் கட்டுகிற கதை அது. அதிகாரிகள் கூலிவேலை செய்ய மாட்டார்கள் என்று சொன்னதற்காக அந்தக் கைதிகளின் தலைவரான கர்னல் நிக்கல்சனைத் தகரப் பெட்டிக்குள் அடைத்து வெயிலில் போட்டுவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் திறந்துவிடுகிறார்கள். முகாம் தலைவன் சைட்டோவின் இருப்பிடத்துக்கு அவர் நடந்து போக வேண்டும். முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. கால் ஒரு பக்கம் இழுக்கிறது, உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, முதுகு மட்டும் நிமிரப் பார்க்கிறது. போலியோவிலிருந்து தேறிக்கொண்டிருந்த தன் மகனின் நடையை மனதில் வைத்து இதை நடித்ததாக அலெக் கின்னஸ் சொல்லியிருக்கிறார். ஒரு தகப்பன் தன் பிள்ளையின் வேதனையைப் பார்த்துப் பார்த்துக் கற்ற நடை. அதை நீங்கள் ஓட்டிவிட்டீர்கள். ஓட்டிவிட்டுப் படம் ஒட்டவில்லை என்கிறீர்கள்.

அப்புறம் அந்தக் கடைசிக் காலை. இரவில் ஆற்றுநீர் வடிந்து, பாலத்தைத் தகர்க்க நேசநாட்டு வீரர்கள் வைத்த வெடிக்குப் போகும் கம்பி வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. ரயில் வரப்போகிறது. பாலத்தின் மேலிருந்து நிக்கல்சன் அந்தக் கம்பியைப் பார்த்துவிடுகிறார். எதிரிக்காகக் கட்டிய பாலத்தைக் காப்பாற்ற எதிரியையே கூட்டிக்கொண்டு கீழே இறங்குகிறார். இந்த மனிதருக்கு எந்த இடத்தில் புத்தி பிசகியது என்று யோசிக்க நமக்கு நேரம் இருக்கிறது. ‘போகாதே ஐயா’ என்று மனதுக்குள் கத்த நேரம் இருக்கிறது. இன்றைய பெரிய படங்கள் குண்டு நம் காதை உரசிப் போகிற பயத்தைக் காட்டுவதில் தேர்ந்தவை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் அதிகாரியின் முடிவோடு நாம் மல்லுக்கட்ட அவை இடம் விடுவது குறைவு. உங்கள் அப்பா கதை என்று சொல்வது அந்த இடத்தைத்தான். இளமை ஏக்கம் என்று அவரை ஒதுக்காதீர்கள்.

நான் இதை முதலில் பார்த்தது எண்பதுகளில், நாகப்பட்டினம் பக்கத்தில் எங்கள் ஊரில். கல்யாண வீட்டில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தமிழ்ப்படங்கள் முடிந்து பாதிப்பேர் தூங்கிய பிறகு, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவர் இந்தக் கேசட்டைப் போட்டார். சினிமாஸ்கோப் படத்தை டிவிக்குள் அடக்க இரண்டு பக்கமும் வெட்டியிருந்தார்கள். பேசுகிறவர் திரையில் இருப்பார், கேட்கிறவரின் மூக்கு மட்டும் தெரியும். பக்கம் வெட்டுப்பட்ட கதையைக் கேசட் கொண்டுவந்தவர் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

அங்கே பக்கத்து வீட்டு மலேயா தாத்தாவும் இருந்தார். ரஜூலா கப்பலில் ஊர் திரும்பியவர். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி சொல்லி ரயிலேற்றினாராம். படம் முடியும்வரை அவர் வாய் திறக்கவில்லை. முடிந்ததும் கேசட்காரரிடம் கேட்டார்: “நம்ம ஜனம் ஒருத்தரையும் காணோமே தம்பி. அந்தப் பக்கம் வெட்டுப்பட்டுப் போச்சா?”

பல வருஷம் கழித்து முழு அகலத்தில் டிவிடி வந்தது. நான் ஓரம் ஓரமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

அந்தச் சயாம் ரயில்பாதை 415 கிலோமீட்டர். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு, 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். வேலை செய்த சுமார் 60,000 நேசநாட்டுக் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளிகளில் செத்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், தமிழர். மலேயாவிலிருந்து போனவர்களில் தோட்டத் தமிழர்களே அதிகம். 1943 மழையில் காலரா வந்தபோது கைதிகளிடமாவது அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். இவர்களுக்கு அதுவும் இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயரோடு. நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது.

டேவிட் லீன் இந்தப் படத்தை எடுத்தது இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றின் மேல். நிஜமாகவே ஒரு பாலம் கட்டி, நிஜ ரயிலை ஓடவிட்டு வெடித்தார்கள். அவ்வளவு நிஜம் வேண்டியிருந்த படத்தில் ஒரு தமிழ்க் கூலிக்கு ஒரு ஷாட் இல்லை. புதுப்படமாவது திருந்தியதா? 2017இல் வந்த ‘டன்கர்க்’ படத்தைப் பாருங்கள். 1940இல் பிரான்ஸ் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கிய கதை. அந்தக் கடற்கரையில் கோவேறு கழுதைகளை ஓட்டும் இந்தியப் படைப்பிரிவினரும் இருந்தார்கள் என்பது வரலாறு. ஐமாக்ஸ் திரையின் அத்தனை அகலத்திலும் அவர்கள் இல்லை. பழையதா புதியதா என்ற போட்டியில் என் மனம் போகாததற்கு இதுதான் காரணம்.

இதற்காக லீனின் படத்தை வெறுக்கச் சொல்லவில்லை. நான் இன்னும் பார்க்கிறேன். அது நிதானமாக ஓடியதால்தான் அந்தத் தாத்தாவால் திரை முழுக்கத் தன் ஆட்களைத் தேட முடிந்தது.

நான்கு தலைமுறையாகக் கெடாவில் இருக்கிறோம், கொள்ளுத்தாத்தா பால்மரம் வெட்டியவர் என்பதை நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். தம்பி, உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்! ‘சயாம் ரயிலைப் பற்றிய படம்’ என்று அப்பா சொன்னாரே, அதை ஏன் சொன்னார் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவர் அலமாரியில் அந்தப் படம் ஏன் இருக்கிறது என்று?

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்காருங்கள், சரியான வேகத்தில். 1943இல் கொள்ளுத்தாத்தா எந்தத் தோட்டத்தில் இருந்தார், கூடப்பிறந்தவர்களில் யாராவது சயாமுக்குப் போனார்களா, திரும்பினார்களா என்று கேளுங்கள். அப்பாவுக்குத் தெரியாவிட்டால் அத்தைகளிடம் கேளுங்கள், வீட்டுக் கதைகள் அவர்களிடம்தான் தங்கியிருக்கும். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ இரண்டும் உங்கள் நாட்டுத் தமிழர்கள் எழுதிய நாவல்கள். தேடி வாங்கிப் படியுங்கள். அடுத்த கடிதத்தில் படத்தைப் பற்றி எழுத வேண்டாம். ஆள் பெயரும் தோட்டத்தின் பெயரும் கிடைத்தால் அவற்றை எழுதுங்கள்.