ஆடு ஒதுக்கும் கம்பியை மாடு ஏன் விழுங்குகிறது?

கேள்வி: அறுப்பு முடிந்த வயலில் எங்கள் மாடும் ஆடுகளும் சேர்ந்துதான் மேய்கின்றன. கொட்டகையில் போடுவதும் ஒரே வைக்கோல். ஆனால் மாட்டின் வயிற்றில் மட்டும் கம்பி இருந்து, மருத்துவர் அறுவை செய்து எடுத்தார். ஆடுகளுக்கு ஒன்றுமில்லை. எப்படி? இன்னொரு மாடும் இருக்கிறது, அதற்கு என்ன செய்யலாம்?
(மன்னார்குடி பக்கத்து விவசாயி)

பதில்: மாடு பிழைத்ததே பெரிய ஆறுதல். காரணத்தை இரண்டின் உதட்டிலும் தேட வேண்டும்.

ஆடு மேயும்போது கிட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள். மேலுதடு நடுவில் பிளந்து, இரு பக்கமும் மெலிதாக, சுறுசுறுப்பாக அசையும். இலந்தை முள்ளுக்கு நடுவே ஒற்றை இலையைப் பறிப்பது அந்த உதடுதான். வேண்டாததை வாசலிலேயே ஒதுக்கிவிடும். கோடையில் கிடை போட வரும் செம்மறிகளுக்கும் இதே பிளவு உதடு. அவை வரப்பு அருகம்புல்லைத் தரையோடு கரம்பிவிட்டுப் போவது அதனால்தான். குதிரைக்குப் பிளவு கிடையாது, ஆனாலும் மேலுதட்டை விரல் போல நீட்டித் தீவனத்தைத் துழாவும்.

மாட்டின் மேலுதடோ தடித்து, மூக்கோடு ஒன்றாகிவிட்டது. அவ்வளவாக அசையாது. புல்லைப் பிடிப்பதெல்லாம் நாக்கு. நாக்கைச் சுழற்றி ஒரு பிடியை உள்ளே இழுக்கும். மேல்தாடையில் முன்பல் இல்லை, தடித்த ஈறுதான். அதன்மேல் கீழ்ப்பற்கள் எட்டையும் அழுத்தி, தலையை வெட்டி இழுத்து அறுக்கும். இப்படி வாரும்போது புல்லோடு எது இருந்தாலும் உள்ளே போகும். போதாக்குறைக்கு, உதட்டின் உட்புறமும் கன்னமும் தொண்டைப் பக்கம் சாய்ந்த சதைமுட்களாகவே இருக்கும். உள்ளே போனதைத் துப்புவது கஷ்டம். சரியாக மெல்லாமலே விழுங்கிவிட்டு, அப்புறம்தான் அசை போடும்.

கம்பி தங்குவது இரண்டாவது இரைப்பையில். அதற்கு முன்னால் உதரவிதானம், அதைத் தாண்டினால் இதயம். இரைப்பை சுருங்கும்போதெல்லாம் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி முன்னேறும். சினை முற்றிய மாட்டுக்குக் கருப்பையின் அழுத்தமும் சேர்வதால் ஆபத்து கூடுதல். பால் திடீரென்று குறைந்து, முதுகை வளைத்து, முன்னங்கால்களை அகட்டி நின்றால், வாய்க்கால் கரை இறங்கத் தயங்கினால் சந்தேகப்படுங்கள். தாடைக்குக் கீழேயும் மார்பிலும் வீக்கம் கண்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். பக்கத்தில் ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இன்னொரு மாட்டுக்கு வருவோம். வீடு கட்டிய இடத்துக் கட்டுக்கம்பித் துண்டு, வேலிக்கம்பி, மூட்டை தைத்துவிட்டுப் போட்ட கோணி ஊசி, இவைதான் பெரும்பாலும் எதிரி. இயந்திரம் கட்டிய வைக்கோல் கட்டை அப்படியே போடாமல் பிரித்து உதறிப் போடுங்கள். சாப் கட்டரில் விடுவதற்கு முன் இது இன்னும் முக்கியம். கம்பி துண்டானால் கண்ணுக்கே தெரியாது. வெட்டிய தீவனத்துக்குள் ஒரு காந்தத்தை ஓட்டி எடுப்பதும் நல்லது. மாடு விழுங்குவதற்கென்றே காந்தம் இருக்கிறது, உங்கள் மாட்டுக்குக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

அப்புறம், மேய்ச்சலில் மாட்டை முதலில் விடுங்கள், ஆடுகள் பின்னால் போகட்டும். ஆடு கரம்பிய இடத்தில் நாக்கில் சுற்றி இழுக்கும் உயரத்துக்குப் புல் மிஞ்சாது. பசித்த மாடு கண்டதையும் வாரும். புல் குட்டையாகிவிட்டால் கோ-4 போன்ற பசுந்தீவனத்தை வெட்டிக் கொட்டகையிலேயே போடுங்கள்.