கேள்வி – பதில்: பெல்ஜியம் பிரான்ஸை ஏன் விலக்கி வைத்தது?

கேள்வி: 1914ல் ஜெர்மனியிடம் அவ்வளவு அடிபட்ட பெல்ஜியம், 1936ல் பிரான்ஸுடனான ராணுவ ஒப்பந்தத்தைக் கைவிட்டு நடுநிலைக்குத் திரும்பியது முட்டாள்தனம் இல்லையா?

பதில்: இல்லை. அது உள்நாட்டுக் கணக்கு. 1920ல் செய்த அந்த ஒப்பந்தத்தை டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸ் மக்கள் ஆரம்பத்திலிருந்தே வெறுத்தார்கள். பிரான்ஸ் எங்கேயோ தொடங்கும் சண்டைக்குத் தங்கள் பிள்ளைகள் சாக வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. 1935ல் பிரான்ஸ் கம்யூனிச சோவியத் யூனியனோடு கைகோத்ததும் கத்தோலிக்கர்களும் மிரண்டார்கள்.

1936 மார்ச்சில் ஹிட்லரின் படை, ராணுவம் இருக்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்த ஜெர்மனியின் மேற்கெல்லைப் பகுதியான ரைன்லாந்துக்குள் நுழைந்தது. பெல்ஜியம் கட்டாய ராணுவச் சேவையை நீட்டியே ஆக வேண்டிய நிலை, நாடாளுமன்றமோ அசையவில்லை. அக்டோபர் 14ல் மன்னர் மூன்றாம் லெயோபோல்ட் அமைச்சரவையில் பேசினார்: கூட்டாளி எவ்வளவு விரைந்து வந்தாலும் முதல் அடி நம்மீது விழுந்த பிறகுதான் வருவான், ஆகவே போர் நம் மண்ணை மிதிக்காமல் தடுப்பதே நம் வேலை. டிசம்பரில் சேவையை 17 மாதம் வரை நீட்டும் சட்டம் நிறைவேறியது. பிரான்ஸை விட்டதால்தான் அந்த வாக்குகள் விழுந்தன. ஜெர்மனி படையெடுத்த 1940 மே மாதம் 80 லட்சத்துச் சொச்சம் மக்கள் கொண்ட நாடு 22 டிவிஷன்களை (பெரிய படைப்பிரிவுகளை) நிறுத்தியதற்கு அடிப்படை அதுதான்.

இழப்பு வேறு இடத்தில். நடுநிலை நாடு பிரெஞ்சுத் தளபதிகளோடு வெளிப்படையாக உட்கார்ந்து வரைபடம் போட முடியாது. பிரெஞ்சுப் படை வந்து நிற்கத் திட்டமிட்ட இடம் பெல்ஜியத்தின் நடுவே உள்ள ஜாம்ப்ளூ சமவெளி. ஆறோ கால்வாயோ இல்லாத, டாங்கிகளுக்கு ஏற்ற திறந்த நிலம். அங்கே ஓடிவந்த பிரெஞ்சுக்காரர்கள் அரண் தயாராக இல்லாததைக் கண்டு திகைத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள குவான்தே எனும், டாங்கிகளை மறிக்கும் இரும்புத் தடுப்புகளை பெல்ஜியர்கள் சில கிலோமீட்டர் கிழக்கே, பெர்வே பக்கம் நிறுத்தியிருந்தார்கள். நல்ல தடுப்புதான், படை நிற்கும் இடத்தில் இல்லாவிட்டால் என்ன பயன்?

கேள்வி: பெல்ஜியத்தின் எபென் எமாயெல் கோட்டை அவ்வளவு சீக்கிரம் வீழ்ந்தது எப்படி?

பதில்: கிழக்கு எல்லையருகே ஆல்பர்ட் கால்வாயையும் அதன் பாலங்களையும் காக்கக் கட்டிய கோட்டை அது. 120 மி.மீ., 75 மி.மீ. பீரங்கிகள் தரைவழித் தாக்குதலை எதிர்பார்த்து நின்றன. மேற்கூரையோ திறந்த புல்வெளி: கண்ணிவெடி இல்லை, பதுங்குகுழி இல்லை, வெளியே வந்து சண்டையிடப் பயிற்சி பெற்ற காலாட்படையும் இல்லை. 1940 மே 10 விடிகாலையில் ஜெர்மன் கிளைடர்கள் (இன்ஜின் இல்லாத விமானங்கள்) அங்கேயே இறங்கின. வந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. ஒரே திசையில் வெடிவேகத்தைக் குவிக்கும் 50 கிலோ குண்டுகளை பீரங்கிகளை மூடிய எஃகுக் கவிகைகள்மேல் வைத்து வெடித்தார்கள். உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானோர் முடங்கினார்கள். மறுநாள் கோட்டை சரணடைந்தது.

அருகிலிருந்த மூன்று பாலங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கன்னே பாலத்தைத் தகர்க்கும் பொறுப்பு கோட்டைத் தளபதியிடம் இருந்தது, உடனே தகர்த்தார்கள். மற்ற இரண்டுக்கும் உத்தரவு லானாகென் தலைமையகத்திலிருந்து வர வேண்டும். அதன்மேல் அதற்குள் குண்டு விழுந்துவிட்டது. ஜெர்மன் டாங்கிகள் அந்த இரு பாலங்கள் வழியாகத்தான் கால்வாயைத் தாண்டின.